வண்டி சூடாயிருச்சு

எஞ்சின் சூட்டைக் காட்டுற முள்ளு பாதியைத் தாண்டிருச்சு. பொண்டாட்டி கனகா பாக்கல. பாக்கவும் வேண்டாம், அவ மடியில தாம்பாளம் இருக்கு, தாம்பாளத்துல தங்கச்சி மக வெண்பாவுக்கு எடுத்த பட்டுப்பாவாடை, அதுக்கு மேல வச்ச எலுமிச்சம்பழம் உருண்டுராமக் கையால அணை குடுத்துக்கிட்டு வாரா, அதையே பாத்துக்கிட்டு வரட்டும். பாதிக்கு மேல ஒரு கோடு, ஒரே ஒரு கோடு, வைகாசி வெயிலுக்கு எந்த வண்டிதான் சூடாகாது, மனுசனே சூடாகுறான். முன்னால வாழைத்தார் லாரி ஒண்ணு ஆடி ஆடிப் போகுது, முந்தவும் முடியல, மூலைக்கரைப்பட்டிக் கடைத்தெருவுல இன்னைக்குன்னு பாத்து ஊர்ச்சனம் பூராம் ரோட்ல நிக்குது, ஆட்டோ குறுக்க வருது, நிக்கேன், நின்ன ஒடனே முள்ளு மேல போகுது, லாரி நகந்து நானும் நகந்தா லேசா எறங்குது, எறங்குச்சா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா. மணி பத்து அம்பது. பன்னெண்டுக்கு ராகுகாலம் தொடங்கிரும், புதன்கிழமை. அதுக்குள்ள சாத்தான்குளத்துக்குப் பக்கத்துல செம்மணல் தேரிக்காட்டுக்குள்ள இருக்கிற சாஸ்தா கோயிலுக்குப் போயி நான் பலகையில சம்மணம் போட்டு உக்காரணும், என் தங்கச்சி கோதை அவ மகளைத் தூக்கி என் மடியில வைக்கணும், ஆசாரி காது குத்தணும். இன்னும் இருபத்திரெண்டு கிலோமீட்டர் கிடக்கு. 'தாய்மாமன் கோவில்பட்டி திரு. தவசிலிங்கம் அவர்கள் மடியில் அமர்த்தி'ன்னு பத்திரிகையில போட்டிருக்கு. போட்டவன் வேற யாரு, நான்தான். பத்திரிகை அடிக்கிற கடை வச்சிருக்கவன், தன் பேரைத் தானே டைப் பண்ணி, ரெண்டு தடவை பிழை பாத்து, மஞ்சக் கார்டுல சிவப்பு மையில அடிச்சுக் கட்டுக்கட்டாக் கோதை வீட்ல எறக்குனேன். எட்டு வருசத்துக்கு முன்னால அவ மூத்தவனுக்குக் காது குத்துனப்பவும் நான்தான் அடிச்சேன், இதே வாசகம்தான். இந்தத் தடவை பழைய ஃபைலைத் தொறந்து பையன் பேரு இருந்த இடத்துல வெண்பா பேரைப் போட்டேன், அவ்வளவுதான். என் பேரு இருந்தபடியே இருந்துச்சு. பேரு இருந்து என்ன செய்ய, அன்னைக்கு ஆளு போகலையே.

பாளையங்கோட்டை சிக்னல்ல நிக்கும்போதே கனகா சொன்னா, "ஏங்க, ஏசில சூடாக் காத்து வருது." "ஒனக்கு ஏதாவது நொட்டை சொல்லாம இருக்க முடியாது, கம்முனு வா"ன்னு வள்ளுன்னு விழுந்தேன். அவ கண்ணாடியை எறக்கிக்கிட்டா. அவ பேச்சைக் கேட்டு அங்கனயே யாருகிட்டயாவது காட்டியிருக்கலாம், எங்க கேக்கேன், நான் யாரு பேச்சைக் கேட்டிருக்கேன். முள்ளு இப்ப முக்காலுக்கு வந்துருச்சு. ஏசியை அமத்திட்டு ஹீட்டரை முழுசாத் திருப்பி விடுறேன். எஞ்சின் சூடானா ஹீட்டரைப் போடணும், கொஞ்சம் சூட்டை இது உள்ள இழுத்துக்கிரும், எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேட்டா வெளிய சொல்ல முடியாது. கனகா மூஞ்சிக்கு நேரா அனல் அடிக்குது. "என்னங்க இது, ஆளைக் கொல்லப் பாக்கீங்களா?" "வண்டிக்கு நல்லது, பொறுத்துக்கோ." அவ முந்தானையை இழுத்துப் பட்டுப்பாவாடையை மூடுறா, தன் மூஞ்சியை மூடிக்கல. பின்சீட்ல இன்னும் ஆறு தாம்பாளம், வாழைப்பழம், சீனிமிட்டாய், வளையல், ரோசாப்பூ மாலை, எல்லாம் இந்த வெக்கையில புழுங்கி ஒரு அழுகுன இனிப்பு வாசம் வருது. வண்டி சூடாயிருச்சு. எட்டு வருசத்துக்கு முன்னாலயும் இதைத்தான் போன்ல சொன்னேன். 'கோதை, வண்டி சூடாயிருச்சும்மா, ஃபேன் பெல்ட் அறுந்துருச்சு, நடுரோட்ல நிக்கேன், வர வழியில்ல.' நடுரோடாம். வண்டி எங்க வீட்டு வாசல்ல வேப்பமர நிழல்ல நின்னுச்சு. பானெட்டு மேல ஒரு பூனை சொகமாப் படுத்திருந்துச்சு, கொதிக்கிற வண்டியில பூனை படுக்குமா. அதை இப்ப நினைச்சா காது மடல்ல இருந்து கழுத்து வரைக்கும் எரியுது, இது ஹீட்டரா வெக்கமான்னு பிரிச்சுச் சொல்ல முடியல.

முள்ளு சிவப்பைத் தொட்டதும் ஊர் தாண்டி ஒரு உடைமரத்துக்குக் கீழ ஓரங்கட்டி அமத்திட்டேன். "என்னாச்சு?"ன்னா கனகா. "சூடாயிருச்சு"ன்னேன். சொன்ன பெறகுதான் சொன்னது என் காதுல விழுந்துச்சு. அவ காதுலயும் விழுந்துச்சு, என்னைத் திரும்பிப் பாத்தா, நெசமாவான்னு கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும், கேக்கல. எறங்கி பானெட்டைத் தூக்குறேன், குப்புனு அடிக்குது சூடு, கம்பியைத் தொட முடியல, துண்டைச் சுத்திப் புடிக்கேன். கனகா சன்னல் வழியாச் சொல்றா, "அன்னைக்கு மாதிரி சட்டையில தேச்சுக்கிராதீங்க." தேச்சுக்கிராதீங்கன்னா என்ன அர்த்தம். அன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு, அவ மாடியில பட்டுச்சேலை கட்டிக்கிட்டு இருந்த நேரத்துல, நான் கீழ வந்து என் சைக்கிள் செயின்ல ரெண்டு விரலை வச்சு மசகை வழிச்சு, புது வெள்ளைச் சட்டையில நெஞ்சுல ஒரு இழுப்பு, கையில ஒரு இழுப்பு இழுத்துக்கிட்டேன். இழுத்துக்கிட்டு மாடிக்குப் போயி மூச்சு வாங்குற மாதிரி நின்னேன், "வண்டி வீணாப் போச்சு கனகா"ன்னேன். நாடகக்காரன் தோத்தான். அவ தலையில வச்ச பூவைக்கூட எடுக்காம, "சட்டையைக் கழட்டுங்க, காஞ்சா போகாது"ன்னு வாங்கிச் சோப்புல ஊற வச்சா. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் அந்தச் சட்டையைக் கசக்கிக்கிட்டே இருந்தா. இப்ப தேச்சுக்கிராதீங்கன்னு தெரிஞ்சு சொல்றாளா, வாயில வந்ததைச் சொல்றாளா. மாடிச் சன்னல்ல இருந்து பாத்தா சைக்கிள் நிக்கிற இடம் தெரியும். தெரியுமா? தெரியும்.

சரி, அதை விடு, வண்டியைப் பாரு. காரணங்கள் எனக்கு வரிசையா மனப்பாடம். ஒண்ணு, தண்ணி குறைவு. ரெண்டு, ரப்பர் குழாயில ஒழுக்கு. மூணு, ஃபேன் பெல்ட் அறுந்து போதல். நாலு, ரேடியேட்டர்ல அடைப்பு. எந்தக் கடவுள் எனக்கு இதைச் சொல்லிக் குடுத்தாரு? ஐடிஐ படிக்கிறவன் ஒருத்தன் ஒரு பழைய புஸ்தகத்தைக் கடைக்குக் கொண்டாந்து பத்துப் பக்கம் ஜெராக்ஸ் கேட்டான். அதுல ஒரு பக்கத்துக்குத் தலைப்பு, 'எஞ்சின் அளவுக்கு மேல் சூடாவதற்கான காரணங்கள்'. அவனுக்கு ஒண்ணு எடுத்தேன், எனக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டேன். கோதை மூத்தவன் காதுகுத்துக்கு அப்ப இன்னும் நாலு நாள் இருந்துச்சு. நாலு நாள் அந்தப் பக்கத்தை மேசை டிராயர்ல வச்சு, ஆள் இல்லாத நேரம் பாத்து பரிச்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சேன். கோபத்துல வாயில வந்த பொய்யின்னா மன்னிச்சிரலாம். நான் உக்காந்து படிச்சுப் பொய் சொன்னவன். அந்தப் பொய்ப் பாடம் இன்னைக்குக் கூட வந்து நிக்குது, வெக்கங்கெட்ட பாடம். தண்ணியைப் பாப்போம். ஓரத்துல பிளாஸ்டிக் டப்பா இருக்கு, அதுல பச்சைத் தண்ணி கோட்டுக்கு நேரா நிக்குது, குறையல. ரேடியேட்டர் மூடியில துண்டைப் போட்டுக் கையை வைக்கேன், உள்ள 'குறுகுறு'ன்னு சத்தம், பயந்து கையை எடுத்துட்டேன். குழாயில ஈரம் இல்ல, கீழ மண்ணுல சொட்டு இல்ல. மூணாவது பெல்ட். எஞ்சினுக்குப் பக்கவாட்டுல ஏதோ ஒரு பெல்ட் தெரியுது, அது முழுசாத்தான் இருக்கு. ஆனா ஃபேன் அங்க இல்லையே, ஃபேன் முன்னால தனியா நிக்குது, அசையாம நிக்குது. அப்ப ஃபேன் பெல்ட் வேற எங்கயாவது உள்ள இருக்கணும். குனிஞ்சு தேடுறேன். வேட்டி மடியில கறுப்பா ஒரு கோடு விழுந்துருச்சு.

போன் அடிக்குது. கோதை. கனகா போனை என்கிட்ட நீட்டுறா, நான் வாங்கல, ரெண்டு பேருக்கும் நடுவுல அது அடிச்சுக்கிட்டே இருக்கு. எடுத்து என்னத்தைச் சொல்ல? வண்டி சூடாயிருச்சுன்னா? சிரிப்பா சிரிச்சிரும் ஊரு. அந்தப் பந்தல்ல உக்காந்திருக்க ஒருத்தராவது நம்புவாங்களா? 'அப்பவும் இதைத்தானே சொன்னாரு, வேற பொய் கிடைக்கலையா மாமனுக்கு'ம்பாங்க. போன் நின்னுருச்சு. பஞ்சர்னு சொல்லிரலாமா? பஞ்சர்னா எல்லாருக்கும் நடக்கும், பஞ்சர்னா ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. ஸ்டெப்னி மாத்துறேன், அரைமணி நேரத்துல வந்துருவேன். அடப்பாவி, நெசமாவே வண்டி சூடாகி நிக்கும்போது அதைச் சொல்ல முடியாமப் பஞ்சர்னு ஒரு பொய்யைத் தேடுற நிலைமைக்கு வந்துட்டியே. நல்ல வார்த்தை அது, நெசம் வார்த்தை, அதை அன்னைக்கே செலவழிச்சாச்சு. சாஸ்தா பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காரு, எட்டு வருசம் பொறுமையா இருந்து, அவரு கோயிலுக்கு இருபது கிலோமீட்டர் தள்ளி வச்சு நிறுத்திட்டாரு. "எடுங்களேன், அவ அங்கன என்ன பாடுபடுறாளோ"ன்னு கனகா சொல்றா. பதினொண்ணு அஞ்சு.

கோதை என்ன பாடுபட்டான்னு எனக்குத் தெரியாதா. மூத்தவன் காதுகுத்துக்கு அடிச்ச பத்திரிகைக் கட்டைத் தூக்கிட்டு அவ வீட்டுக்குப் போயிருந்தேன், முன்னறையில யாரும் இல்ல, அடுப்படியில பேச்சுச் சத்தம். அவ புருசனோட பெரியத்தை குரல், நல்ல கணீர்க் குரல், "கல்யாணமாயி ஒம்பது வருசமாச்சு, ஒரு புழு பூச்சி இல்ல. அவன் மடியிலயா தலப்பிள்ளைய வைக்கப் போறீக? வேற ஆளா இல்ல?" கோதை என்ன பதில் சொன்னாங்கிறதைக் கேக்க நான் நிக்கல. பத்திரிகைக் கட்டை நாற்காலி மேல வச்சுட்டுச் செருப்பைக்கூடச் சரியா மாட்டாம வந்துட்டேன். அதை நின்னு கேட்டிருந்தா, ஒரே ஒரு நிமிசம் நின்னிருந்தா. பெறகு ஊர்க்காரங்க சொல்லித்தான் தெரிஞ்சுச்சு, "எங்க அண்ணன் மடியிலதான் வைப்பேன், இல்லேன்னா என் பிள்ளைக்குக் காதே குத்த வேண்டாம்"னு அந்தப் பெரியத்தைகிட்ட முகத்துக்கு நேரா சண்டை போட்டிருக்கா. மூணு நாள் அந்த வீட்ல ஒருத்தரும் அவகூடப் பேசல. அப்படிச் சண்டை போட்டு வாங்குன இடத்துல நான் போயி உக்காரல. நான் போன்ல சொன்ன பெறகும் பன்னெண்டு வரைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டு நின்னுருக்கா, பெரியத்தை பலகையை மட்டும் பாத்தாளாம். கடைசியில பெத்த தகப்பனே பிள்ளையை மடியில வச்சுக்கிட்டாரு. எங்க பக்கம் அப்படி யாரும் வைக்கிறதில்ல. ஆல்பத்துல அந்தப் படம் இருக்கு, பக்கத்துல காலியா ஒரு பலகை, அதுமேல எனக்கு எடுத்து வச்ச வேட்டி. கனகா மனசு நோகக்கூடாதுன்னுதான் போகலன்னு எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேன். எவன்டா நம்புவான். கனகா புதுச்சேலை கட்டிக் கெளம்பித்தானே நின்னா, அவளுக்கு ஒரு பயமும் இல்ல. பயந்தது நான். சபையில என் மடியை ஊரே பாக்குமேன்னு பயந்தேன்.

அதைவிடக் கேவலம் மறுநாள் நடந்தது. கோதை புருசன் அய்யாத்துரை, பஸ் டெப்போவுல மெக்கானிக்கு, பேசுனா நாலு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு, பஸ் புடிச்சுக் கோவில்பட்டிக்கு வந்துட்டாரு. கையில ஒரு ரெக்சின் பை. "வண்டியப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மச்சான்." அன்னைக்கு இருந்தது வேற வண்டி, பழைய சின்னக் கார். "என்ன ஆச்சு?"ன்னு கேட்டாரு. நான் படிச்ச பாடத்தை ஒப்பிச்சேன், "ஃபேன் பெல்ட் அறுந்துருச்சு மாப்ள, அறுந்ததும் ஃபேன் சுத்துறது நின்னுருச்சு, தண்ணி கொதிச்சிருச்சு." அவரு பானெட்டைத் தூக்குனாரு. பாத்தாரு. ரெண்டு நிமிசம் இருக்கும், எதையும் தொடல, பையைக்கூடத் தொறக்கல. பானெட்டை மூடுனாரு. "சரியாயிட்டு மச்சான், இனி ஓடும்"னாரு. கனகா குடுத்த காப்பியைக் குடிச்சாரு, அடுத்த பஸ்ஸுக்குப் போயிட்டாரு. தப்பிச்சோம்டா சாமின்னு நான் உக்காந்தவன், சாயங்காலம் கடையில கட்டர் மிசின்காரர்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா. "எங்க மாப்ள பெரிய மெக்கானிக்குய்யா, இல்லாத ரிப்பேரைச் சரி பண்ணிட்டுப் போயிட்டாரு"ன்னு சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. மை நாத்தத்துல ரெண்டு பேரும் சிரிச்சோம். அந்தச் சிரிப்பு இப்ப இந்த ரோட்ல கேக்குது. பதினொண்ணு பத்து. இன்னும் யாருகிட்ட மறைக்கப் போற? "போனைக் குடு"ன்னேன். கனகா கோதைக்குப் போடப் போனா. "கோதைக்கு வேண்டாம், மாப்ளைக்குப் போடு."

முதல் மணியிலயே எடுத்தாரு. பின்னால மேளம். "எங்கன நிக்கீங்க மச்சான்?" "மூலைக்கரைப்பட்டி தாண்டி நிக்கேன் மாப்ள. வண்டி..." துண்டால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டேன். "வண்டி சூடாயிருச்சு மாப்ள. நெசமாவே." நெசமாவேன்னு எதுக்குச் சொன்னேன், யாரு கேட்டா. மேளத்தை விட்டுத் தள்ளிப் போற மாதிரி சத்தம் குறைஞ்சுச்சு. "ரேடியேட்டர் மூடியத் தொறந்துராதீங்க. டப்பாவுல தண்ணி நிக்கா?" "நிக்குது." "ஓடும்போது முள்ளு எறங்கி, நின்னா ஏறிச்சா?" "ஆமா ஆமா." "ஏசி?" "நின்னா சூடாத்தான் வந்துச்சு. கனகா அப்பவே சொன்னா, நான்தான் கேக்கல." "வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஏசியப் போடச் சொல்லுங்க, முன்னால ஃபேன் சுத்துதான்னு பாருங்க." கனகா தாம்பாளத்தைப் பக்கத்துல வச்சுட்டு நகந்து உக்காந்து சாவியைத் திருப்புறா. ஃபேன் சுத்தல. "சுத்தல மாப்ள. பெல்ட் அறுந்திருக்கும் போல, ரொம்ப நேரமாத் தேடுறேன், இந்த ஃபேனுக்குப் பெல்ட் எங்கன இருக்குன்னே தெரியல." இதைச் சத்தியமா வெள்ளந்தியாத்தான் கேட்டேன். லைன் போயிருச்சோன்னு காதுல இருந்து எடுத்துப் பாத்தேன், ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. "கனகக்காவ அமத்தச் சொல்லுங்க"ன்னாரு. அமத்துனா. "மச்சான், காருல இந்த ஃபேனுக்குப் பெல்ட் கிடையாது. லாரிக்கு, பஸ்ஸுக்கு உண்டு. இது கரண்டு மோட்டார்ல ஓடுறது." ஒரு மூச்சு விட்டாரு. "அந்த வண்டியிலயும் கிடையாது."

அந்த வண்டியிலயும் கிடையாது. உடைமரத்து முள்ளு மேல ஒரு காக்கா உக்காந்து எந்திரிச்சுப் போகுது. அந்த வண்டியிலயும் கிடையாது. அப்ப ரெண்டு நிமிசம் பானெட்டுக்குள்ள அவரு பாத்தது எதை? இல்லாத பெல்ட்டை, அறுந்துருச்சுன்னு சொன்ன என்னை. பம்பர் மேல கையை ஊணிக்கிட்டேன், சுட்டுச்சு, எடுக்கல. "மாப்ள, அப்ப எதுக்கு வந்தீங்க அன்னைக்கு?" "கோதை ராத்திரி பூரா அழுதுக்கிட்டு இருந்தா. நான் நேர்ல போயிப் பாத்துட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தேன். அவளுக்கு ஒரு பதில் சொல்லணும்லா. பெரியத்தைக்கும் சொல்லணும்." "என்ன சொன்னீங்க?" "பெல்ட் அறுந்து கிடந்துச்சு, நான்தான் மாத்துனேன்னு சொன்னேன்." அந்த ரெக்சின் பையில என்ன இருந்துச்சுன்னு நான் கேக்கல. அவரே சொன்னாரு, "புதுப் பெல்ட் ஒண்ணு வாங்கி வந்திருந்தேன், நீங்க எந்தப் பெல்ட்டச் சொல்லுதீங்களோன்னு. இப்பவும் வீட்ல கிடக்கு." நான் கடையில விழுந்து விழுந்து சிரிச்ச சிரிப்பு இருக்கே, அதை எவனாவது பிடிச்சு என் வாயிலயே திணிச்சா நல்லது. மன்னிச்சிருங்க மாப்ளன்னு சொல்லணும், ஒரே ஒரு வார்த்தை. அவரு அதுக்கு இடமே குடுக்கல. "நேரம் போகுது மச்சான். இடது பக்கம் கறுப்பு டப்பா ஒண்ணு இருக்கும், மூடியத் தொறங்க, உள்ளப் படம் போட்டிருக்கும். ஃபேன் படத்துக்கு நேரா சின்னக் கட்டை மாதிரி ஒண்ணு, அதுதான் ரிலே, அதப் புடுங்குங்க. ஹாரன் படத்துக்கு நேரா அதே மாதிரி இன்னொண்ணு இருக்கும், அதையும் புடுங்குங்க. ஹாரனோடத எடுத்து ஃபேன் இடத்துல குத்துங்க. ரெண்டும் ஒரே சாமான்தான்." கனகா எறங்கி வந்து மூடியைப் புடிச்சுக்கிட்டா. புடுங்குனேன், குத்துனேன். அவ ஓடிப் போயி ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போட்டா. ஃபேன் ஒரு உலுக்கு உலுக்கிச் சுத்திச்சு பாருங்க, அந்தக் காத்து என் மூஞ்சியில அடிச்சப்ப எனக்கு அழுகை வந்துருச்சு. "சுத்துது மாப்ள." "கேக்குது. முள்ளு பாதிக்கு எறங்குன பெறகு எடுங்க. ஹாரன் அடிக்காது, பாத்து வாங்க."

"மாப்ள, கோதைகிட்டக் குடுங்க." "வந்து பேசிக்கிடலாம்லா மச்சான்." "இல்ல, குடுங்க." மறுபடியும் மேளம் பக்கத்துல வந்துச்சு, "அண்ணே"ன்னா. அந்த ஒரு வார்த்தையிலயே தெரிஞ்சுச்சு, அவ தயாரா இருக்கா, இன்னொரு தடவை ஊருக்கு முன்னால நிக்கத் தயாரா இருக்கா. "கோதை, இன்னைக்கு நெசமாவே வண்டி சூடாயிருச்சு, இப்ப சரியாயிருச்சு, வந்துக்கிட்டு இருக்கேன்." "சரி." "அன்னைக்குச் சூடாகல." "என்னது?" "உன் மகனுக்குக் குத்துன அன்னைக்கு. வண்டி நல்லாத்தான் இருந்துச்சும்மா. நான்தான் வரல. பெரியத்தை பேசுனது காதுல விழுந்துருச்சு, நீ என்ன சொன்னேன்னு கேக்க நிக்காம ஓடி வந்துட்டேன். பொய் சொன்னேன். மாப்ள உன்கிட்ட சொன்னதும் எனக்காகச் சொன்னதுதான், அவரை ஒண்ணும் கேக்காத." சொல்லும்போது கனகா பக்கத்துல நிக்கா, நிக்கட்டும், அவகிட்டயும் சேத்துத்தான் சொல்றேன். அங்க மேளக்காரன் நிறுத்தாம அடிக்கான். மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. "எட்டு வருசம்ணே"ன்னா. பெறகு, "நீ வா. ஒன்னை நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும் நான். பிள்ளைக்குக் குத்தி முடியட்டும், எல்லாரும் சாப்பிட்டுப் போகட்டும், அப்புறம் கேக்கேன். இப்ப வந்து சேரு. பலகைல யாரையும் உக்கார விடல." வச்சுட்டா. கனகா என் வேட்டியைப் பாத்தா, மடியில கறுப்புக் கோடு. பின்சீட்ல இருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்தா, உள்ள மடிச்ச புது வேட்டி. "கோயில்ல போயி மாத்திக்கோங்க"ன்னா. "இது எதுக்கு எடுத்துட்டு வந்த?" "நீங்க பானெட்டைத் தொறப்பீங்கன்னுதான்"னு சொல்லிட்டுத் தாம்பாளத்தைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா. மாடிச் சன்னல்ல இருந்து சைக்கிள் நிக்கிற இடம் நல்லாவே தெரியும்.

முள்ளு பாதியில நிக்குது. ஃபேன் சத்தம் கேக்குது. பதினொண்ணு முப்பத்தெட்டு. ரோடு செக்கச்செவேர்னு மாறிருச்சு, ரெண்டு பக்கமும் தேரி மணல், பனை, இன்னும் ஆறு கிலோமீட்டர்தான், வந்தாச்சுன்னு நினைக்கும்போது வளைவுல ரோடு பூராம் செம்மறி. நூறு இருக்கும், எறநூறு இருக்கும், ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுக்கிட்டு ஆடி அசைஞ்சு வருது. ஹாரன்ல கையை வைக்கேன், டப்புனு ஒரு சத்தம்கூட இல்ல. நிக்கேன். நின்னா முள்ளு ஏறுமான்னு பாக்கேன், ஏறல. ஆட்டுக்காரர் அந்தக் கடைசியில தோள்ல கம்பைப் போட்டுக்கிட்டு எங்கயோ பாத்துக்கிட்டு வாராரு. "அடிங்களேன்"ங்கிறா கனகா. "எதை அடிக்க, அதைக் கழட்டித்தான் அங்க குத்தியிருக்கு." ஒரு நிமிசம் போச்சு. ரெண்டாவது நிமிசமும் போகப் பாக்குது. நான் கண்ணாடியை முழுசா எறக்கி, இடுப்பு வரைக்கும் வெளிய நீட்டி, தொண்டை கிழியக் கத்துனேன். "யோவ், அண்ணாச்சி! ஆட்டை ஒதுக்குங்கய்யா! பிள்ளைக்குக் காது குத்து! நான் தாய்மாமன்யா, தாய்மாமன்! என் மடியிலதான் பிள்ளையை வைக்கணும்!" அவரு கையை நெத்தியில வச்சு என்னைப் பாத்தாரு. இந்தப் பக்கம் கனகா தாம்பாளத்தோட தலையை வெளிய நீட்டி, நான் அவ குரலை இவ்வளவு சத்தமாக் கேட்டதே இல்ல, "தாய்மாமன் வண்டி, வழி விடுங்க!"ன்னு கத்துறா. ஆட்டுக்காரர் கம்பை எடுத்து ஹோய்னு ஒரு குரல் குடுத்தாரு. ஆடுக ரெண்டு பக்கமும் ஒதுங்குச்சு.